வாய்தா இல்லாத வழக்கு

கேள்வி: டி.வி. வக்கீல்கள் வழக்கைச் சட்டென முடித்துவிடுகிறார்கள். வீட்டுச் சண்டை மட்டும் இழுத்துக்கொண்டே போகிறதே?
– ஒரு வாசகி, திருக்கடையூர்

பதில்: நிஜத்தில் தலைகீழ், அம்மணி! வீட்டுச் சண்டை இரண்டாவது காபிக்குள் தீரும், வழக்குக்குத்தான் வாய்தா. 2025-இல் ஜீ5-இல் வந்த ‘சட்டமும் நீதியும்’ தொடரில் நடிகர் சரவணன், வீட்டிலேயே மதிப்பில்லாத நோட்டரி வக்கீல். ஏழே எபிசோடில் கதை முடிந்தது! நம்மூர் வரப்புத் தகராறென்றால், அதற்குள் குமாஸ்தா கேஸ் கட்டைக்கூடப் பிரித்திருக்க மாட்டார். வாய்தாவே கேட்காமல் முடிந்தது உங்களூர் கேஸ்தான்: 16 வயது மார்க்கண்டேயன், பாசக்கயிறோடு எமன், சிவனின் ஒரே உதையில் தீர்ப்பு, அப்பீலும் கிடையாது! இன்றைக்குக் கோர்ட் படியேறுகிறவர், 60-க்கு ஒருமுறை, 80-க்கு ஒருமுறை உங்களூரில் மாலை மாற்றிய பிறகும் கேட்பார்: “அடுத்த வாய்தா எப்போ, சார்?”