ஓடாமை இயல்: கம்போங் ராஜாவில் டிவிடி

டிவிடி ஓடாமை என்பது கணினியில் இட்ட வட்டு சுழன்றும் படம் வராத நிலை. இது வட்டில் பிறக்கும். வட்டைப் படிக்கும் டிரைவில் பிறக்கும். படித்ததைப் படமாக்கும் மென்பொருளில் பிறக்கும். வட்டுக்குள் வைத்த பூட்டிலும் பிறக்கும். பழி மட்டும் எப்போதும் பூட்டின் மேல் விழும், திரையில் அதன் பெயர் அடிக்கடி வருவதால். கேமரன் மலையின் வடகோடியில், சிம்பாங் பூலாய்ச் சாலை ஏறி வந்து சேரும் கம்போங் ராஜாவிலும், அதையடுத்த புளூ வேலித் தேயிலைத் தோட்டத்து லயங்களிலும் ஐந்தாவது பிறப்பிடம் ஒன்று உண்டு. அது ஈரம்.

முதலில் வட்டு. வட்டைத் தூய்மை செய்வதில் மலையில் இரண்டு மரபுகள் வழங்குகின்றன. ஊதுவோர் மரபு பழையது, கேசட் காலத்திலிருந்து வருவது. வாய்க்காற்றில் சூடும் ஈரமும் இருப்பதை இம்மரபினர் கணக்கில் கொள்வதில்லை. இரவெல்லாம் குளிரில் கிடந்த வட்டின் மேல் ஊதினால் அங்கேயே வெள்ளையாக மூட்டம் படியும். ஈப்போ வெயிலில் ஊதினால் தடமே விழாது. ஆகவே இம்மரபு சமவெளியில் தோன்றி, ஆராயப்படாமல் மலையேறியது என்று கொள்ள இடமுண்டு.

துடைப்போர் மரபின் கருவி கைலியின் நுனி. வட்டை இடது உள்ளங்கையில் மல்லாத்தி, வலது கட்டைவிரலுக்கு மேல் துணியைச் சுற்றி, தோசைக்கு மாவு தேய்ப்பதைப் போல நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வருவார்கள். கேடு அந்தச் சுற்றில்தான் இருக்கிறது. டிவிடியின் தடம் சுருளாகச் செல்வது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையே 0.74 மைக்ரோமீட்டர்தான். தடத்துக்குக் குறுக்கே விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவே அழிக்கும். அதைப் பிழைதிருத்தக் கணக்கு ஈடுகட்டிவிடும். தடத்தோடு சேர்ந்து வளையும் கீறல் தொடர்ந்தாற்போல் அழித்துக்கொண்டே போகும். எனவே துடைப்பதானால் நடுத்துளையிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், மென்மையான துணியால் துடைக்க வேண்டும். கைலி இரண்டாம்பட்சம்.

அடுத்தது டிரைவ். குளிர்ந்த பொருள் வெதுவெதுப்பான ஈரக்காற்றைச் சந்தித்தால் அதன் மேல் நீர் படியும். இரவு சிமெண்டுத் தரையில் கிடந்த மடிக்கணினியைக் காலையில் சோறு கொதிக்கும் அடுக்களைக்குக் கொண்டுபோனால் டிரைவின் லென்ஸ் வியர்த்துவிடும். அப்போது டிரைவ் வட்டை அடையாளமே காணாது. இரண்டு முறை முனகிவிட்டுத் தட்டு காலி என்று சொல்லும். அரைமணி நேரம் சும்மா விட்டால் சரியாகிவிடும். இந்தச் சும்மா விடுதலே மருந்துகளில் மிகவும் அரிதாகக் கடைப்பிடிக்கப்படுவது.

படம் சரியாகப் பாதியில் நின்றால் வேறொரு காரணத்தையும் ஐயுறலாம். 4.7 ஜிகாபைட் கொள்ளும் வட்டில் ஓர் அடுக்கு; 8.5 கொள்ளும் வட்டில் இரண்டு. முதல் அடுக்கு முடிந்ததும் லேசர் தன் குவியத்தை மாற்றி இரண்டாவதற்குத் தாவ வேண்டும். மூன்று மணி நேரத் தமிழ்ப் படத்தில் இந்தத் தாவல் இடைவேளையை ஒட்டி நேர்வதுண்டு. லென்ஸ் தளர்ந்த டிரைவுகள் அந்த இடைவேளைக்குப் பிறகு திரும்பி வருவதில்லை.

இனி மண்டலம்: வட்டின் மண்டல எண்ணும் டிரைவின் எண்ணும் ஒத்தால்தான் படம் ஓடும். தமிழ் இலக்கிய மரபு நிலத்தை ஐந்து திணையாகக் கண்டது. டிவிடி நூலோர் ஆறாகப் பகுத்தனர். 7 ஒதுக்கி வைக்கப்பட்டது. 8 விமானத்துக்கும் கப்பலுக்கும் உரியது. குறிஞ்சிக்குத் தனி எண் இல்லை. மலேசியா 3, இந்தியாவும் இலங்கையும் 5, ஆஸ்திரேலியா 4, சீனா 6. 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய ஜே. ஏ. ரஸ்ஸலின் பிரிட்டன் 2. கொழுந்து கிள்ள வந்தவர்களின் தமிழ்நாடு 5. அவர்கள் கிள்ளிய மலை 3. இவ்வகைப்பாட்டின்படி ஒரு தோட்டத்தின் வரலாறு எந்த டிரைவிலும் முழுதாக ஓடாது. நல்லவேளையாகத் தமிழ்ப் பட டிவிடிகளில் பெரும்பாலானவை எல்லா மண்டலத்துக்கும் பொதுவாக வெளிவந்தன. சிக்கல் வருவது, சென்னைக்குப் போய்வந்த சித்தப்பா பிள்ளைகளுக்கென்று வாங்கி வந்த, 5 என்று பூட்டிய ஆங்கிலப் படத்தில்.

2000 முதல் செய்யப்பட்ட கணினி டிரைவுகளில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். ஐந்தாவது மாற்றம் நிலைத்துவிடும். இந்த எண்ணிக்கை டிரைவுக்குள்ளேயே பதிவாவதால் விண்டோஸை அழித்து மீண்டும் போட்டாலும் திரும்பாது. டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பண்புகளைத் திறந்தால் இன்னும் எத்தனை வாய்ப்பு மிச்சம் என்று தெரியும். சித்தப்பாவின் படத்துக்கு ஒருமுறை, பழைய படத்துக்குத் திரும்ப ஒருமுறை என்று மூன்றாவது பள்ளி விடுமுறையிலேயே இந்த வாய்ப்புகளைத் தீர்த்துவிடலாம்.

பூட்டின் பெயர் சிஎஸ்எஸ். 1996இல் வந்தது, 40 பிட் சாவி. டிரைவும் மென்பொருளும் ஒன்றையொன்று விசாரித்து நம்பிக்கை ஏற்பட்ட பிறகே சாவி கைமாறும். சாவிகளில் முக்கியமானது வட்டின் உள்விளிம்பில், சாதாரணமாக எட்டாத பகுதியில் இருக்கும். கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் சாவி உடன் வராது. படம் பச்சையும் ஊதாவுமான கட்டங்களாகச் சிதறும். கடையில் விற்கும் வெற்று வட்டுகளில் அந்த உள்விளிம்பு முன்கூட்டியே அடைக்கப்பட்டிருப்பதால் சாவியை எழுதவும் முடியாது. 1999இல் இந்தப் பூட்டு திறந்துகொண்டது. அதில் பெயர் அடிபட்ட நார்வேச் சிறுவன் யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது 15 வயது. 2003இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. திறக்கும் முறையைச் சிலர் பனியனில் அச்சிட்டனர். ஒருவர் அதைப் பகா எண்ணாக்கினார். இன்னொருவர் ஹைக்கூவாக எழுதினார். தளை தட்டாமல் வெண்பாவில் பாடும் பணி தமிழ்ப் புலவர்களுக்காகக் காத்திருக்கிறது.

பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சில வெள்ளிக்கு விற்ற திருட்டு டிவிடியில் பூட்டு கிடையாது; அடித்தவர் கழற்றிவிட்டுத்தான் அடித்தார். ஆகவே பூட்டுப் பிழை காட்டும் வட்டு பெரும்பாலும் ஒரிஜினலாகவே இருக்கும். மலேசிய அரசு ஒரிஜினலை அறியப் பல வழி செய்தது: வட்டு ஆலைகளுக்கு உரிமமும் குறியீட்டெண்ணும் கேட்கும் 2000ஆம் ஆண்டு ஒளிவட்டுச் சட்டம், உறையில் மினுங்கும் ஹாலோகிராம் வில்லை, கடைசியாக நாய்கள். 2007இல் லக்கி, ஃப்ளோ என்ற இரு கறுப்பு லாப்ரடோர் நாய்கள் வட்டின் பாலிகார்பனேட் வாசனையை மோப்பம் பிடிக்க வரவழைக்கப்பட்டன. ஜொகூர் பாருவில் அவை பிடித்துக் கொடுத்த சரக்கால் வியாபாரிகள் அவற்றின் தலைக்கு விலை வைத்ததாகச் செய்தி வந்தது. ஒரிஜினலுக்கும் காப்பிக்கும் வாசனை ஒன்றே என்பதால் வேறுபாட்டை மனிதர்களே பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் பார்க்க எளிய வழி அடிப்பக்கம்: ஆலையில் அச்சான வட்டு பெரும்பாலும் வெள்ளியாக இருக்கும், கணினியில் எரித்தது ஊதாச் சாயலில் இருக்கும்.

வட்டும் டிரைவும் மண்டலமும் பழுதில்லையென்றால் மிச்சம் மென்பொருள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் டிவிடிப் படம் ஓட்டும் திறன் விண்டோஸோடு வருவதில்லை. பழைய கணினியில் ஓடிய வட்டு புதியதில் ஓடாததற்கு வட்டு கெட்டதே காரணம் என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. விஎல்சி என்னும் இலவச மென்பொருள் தன் சாவித் திறப்பையும் உடன் கொண்டுவருகிறது. 2012 திருத்தத்துக்குப் பின் மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

தோட்டத்து மண்டபத்தில் புரொஜெக்டர் மாட்டும்போது மட்டும் காப்புப் பிழை வந்தால் குற்றம் வெளிவழியில். டிவிக்குச் செல்லும் பழைய வகைக் கம்பியில் மேக்ரோவிஷன் என்ற இன்னொரு காப்பு வேலை செய்கிறது. கணினியின் காட்சி அட்டை அதற்கு இணங்காவிட்டால் மென்பொருள் படத்தைத் தர மறுக்கும். இரண்டு திரையிலும் ஒரே காட்சி என்ற அமைப்பை நீக்கி ஒரு திரைக்கு மட்டும் அனுப்புவது பலமுறை உதவும். காட்சி அட்டையின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பிப்பதும் உதவும்.

இப்போதைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் டிரைவே இல்லை. யுஎஸ்பியில் செருகும் வெளி டிரைவ் வாங்குகிறார்கள். வட்டு சுழலத் தொடங்கி, வேகமெடுக்கும் நேரத்தில் டக்கென்று அணைந்தால் பூட்டையும் மண்டலத்தையும் விட்டுவிடலாம். யுஎஸ்பி 2.0 வாய் 500 மில்லியாம்பியர் வரைதான் மின்சாரம் தரக் கடமைப்பட்டது. சுழற்சி தொடங்கும்போது டிரைவ் அதைவிட அதிகம் கேட்கும். இரண்டு தலை கொண்ட கம்பியால் இரண்டு வாயிலிருந்தும் மின்சாரம் எடுத்தால் ஓடும்.