38 இஞ்ச் ஆசாமி

பெங்களூரில் இவர் இல்லாத அபார்ட்மென்ட் அநேகமாக இருக்காது. பகலில் ஏதோ ஒரு டெக் பார்க்கில் டீம் லீடோ ஆர்க்கிடெக்டோ. வயது நாற்பதை ஒட்டி. சொந்த ஊர் திருச்சி, சேலம், நாகர்கோவில் என்று எதுவாகவும் இருக்கலாம். ஹாலில் சோபா, சோபாவின் மேல் ஒரு சின்ன கிட்டார், சோபாவுக்குப் பின்னால் இன்னொன்று, பீரோ மேல் துணி உறைக்குள் மூன்றாவது. அந்த மூன்றாவதைப் பற்றி மனைவியிடம் இன்னும் பேச்சு எடுக்கவில்லை. விருந்தாளிகள் விவரம் தெரியாமல், "ஓ, வாசிப்பீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். மனிதர் முகம் சுருங்கிப்போகும். "என்னென்ன மாத்தியிருக்கீங்க?" என்று கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்டவர் யாரும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வீடு திரும்பியதில்லை.

பூர்வகதை எல்லாருக்கும் ஒன்றுதான். தமிழ்நாட்டில் கிட்டாரைத் தொட்டவன் 'இளைய நிலா'வின் தொடக்கத்தை முயன்று பார்க்காமல் தப்ப முடியாது. 1982-இல் 'பயணங்கள் முடிவதில்லை' வந்ததிலிருந்து இது எழுதாத சட்டம். நம்மாளும் கல்லூரி விடுதியில் முயன்றார். அதற்கு முன்னால் எஃப் கார்டு குறுக்கே நின்றது. ஆள்காட்டி விரல் ஒன்றால் ஆறு கம்பியையும் ஒரேயடியாக அமுக்க வேண்டும். விரலில் கொப்புளம் வந்தது, செமஸ்டர் வந்தது, கேம்பஸ் இண்டர்வியூ வந்தது, கிட்டார் பரணுக்குப் போனது. பிறகு பல வருஷம் கழித்து, ஒரு தீபாவளித் தள்ளுபடியின் நள்ளிரவில், போனைத் தடவிக்கொண்டிருந்தவர் கண்ணில் மூவாயிரம் சொச்சத்துக்கு ஒரு 38 இஞ்ச் கிட்டார் பட்டது. உறை, பெல்ட், பிக், ஒரு செட் உபரிக் கம்பி எல்லாம் இலவசம். அந்த இலவசங்களின் தரத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

ஏன் சின்னது? இதற்கு அவரிடம் ஒரு பிரசங்கம் தயாராக இருக்கிறது. கடைகளில் தொங்கும் பெரிய கிட்டாருக்கு டிரெட்நாட் என்று பெயர். 1906-இல் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. அந்தக் கிட்டாரை அமெரிக்க மார்ட்டின் கம்பெனி 1916-இல் டிட்சன் என்ற வியாபாரிக்காக முதலில் செய்து கொடுத்தது. "போர்க்கப்பலை மடியில வச்சுக்கிட்டு சோபாவுல உட்கார முடியுமா சார்? தோள்பட்டை என்னத்துக்கு ஆகும்?" என்பார். அதற்கு முன்னால் வீட்டுக் கூடங்களில் வாசித்ததெல்லாம் பார்லர் எனும் குட்டி உடம்புக்காரிகள்தாம். மார்ட்டின் கணக்கில் ஒற்றைப் பூஜ்யம் என்றால் கீழ்வயிறு பதின்மூன்றரை அங்குலம், மூன்று பூஜ்யம் என்றால் பதினைந்து, டிரெட்நாட் பதினைந்தே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் முக்கால் அங்குலம்கூட இல்லை. அந்த முக்கால் அங்குலத்துக்கு அவர் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார்.

இவரைக் கிண்டல் செய்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதுக் கிட்டார் வந்த அன்று இவர் செய்யும் முதல் அரை மணி நேர வேலை சுத்தமான ஞானம். மலிவுக் கிட்டாரில் கம்பிகள் பெரும்பாலும் பலகையை விட்டு எக்கி நிற்கும். தாழ்வாக விட்டால் பலகையில் குறுக்கே பதித்த ஏதாவது ஒரு ஃப்ரெட்டில் கம்பி உரசி ஙொய் என்று இரையும், வாங்கினவர் திருப்பி அனுப்புவார். உயரமாக விட்டுவிட்டால் இரைச்சல் இல்லை. வலி மட்டும்தான், வலிக்காக யாரும் கிட்டாரைத் திருப்பி அனுப்புவதில்லை, விரலைத்தான் குறை சொல்வார்கள். நம்மாள் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஸ்கேலை வைத்து அளக்கிறார். மூன்றரை மில்லிமீட்டர். இரண்டரைக்கு வர வேண்டும். ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் கீழே பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும், ஏனென்றால் பன்னிரண்டாம் ஃப்ரெட் கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. சேடிலை உருவி, சமதளம் தேடி, கடைசியில் சமையல் மேடைக்கு வருகிறார். பெங்களூர் வீடுகளின் கருங்கல் மேடையைவிடச் சமதளம் எங்கே கிடைக்கும்? உப்புத்தாளை ஒட்டி, சேடிலை நிமிர்த்திப் பிடித்து, தேய்தேய் என்று தேய்க்கிறார். மேலே நட்டின் பள்ளங்களை ஒரு மயிரிழை இறக்கி, பென்சில் முனையைச் சுரண்டித் தடவுகிறார். கம்பி சிக்காமல் வழுக்கும். பத்து நம்பர் மெல்லிய கம்பி மாட்டுகிறார். எஃப் கார்டு விழுகிறது! இருபது வயதில் அவரை விரட்டியது அவருடைய விரல் இல்லை, தேய்க்காத ஒரு பிளாஸ்டிக் துண்டு.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இந்நேரம் 'இளைய நிலா' முழுசாக வந்திருக்கும்.

நிறுத்தவில்லை. பிளாஸ்டிக் சேடிலை எலும்பில் மாற்றினால் நாதம் துல்லியமாகும் என்று எங்கோ கேட்டுவிட்டார். எலும்புத் துண்டு கூரியரில் வந்தது. தேய்க்க அதே சமையல் மேடை. அந்தச் சமையலறையில் வெங்காயம்கூட ஏகாதசிக்கு நுழையாது. எலும்பைத் தேய்த்தால் பல் டாக்டர் அறையின் வாசனை வரும். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் வாசலில் நின்று, "என்ன மாப்பிள்ளை இது, முடி கருகின மாதிரி வாசனை?" என்றார். "பிளாஸ்டிக்தான் அத்தை. உயர்ந்த பிளாஸ்டிக்." அந்த ஒரு பொய்யில் குடும்பம் பிழைத்தது. எலும்புத் தூள் மேடையிலிருந்து துடைக்கப்பட்ட துணி எங்கே போனது என்பது இன்றுவரை ரகசியம்.

அடுத்தது சனிக்கிழமை, எலெக்ட்ரானிக்ஸ் கடைகளின் எஸ்.பி. ரோடு. கிட்டாருக்குள் பிக்கப் வைக்க வேண்டுமாம். நூறு ரூபாய்க்குள் முடியும், பீசோ தகடு ஒன்று, ஜாக் ஒன்று, கொஞ்சம் வயர். கடைக்காரர் "ஏனு பேக்கு சார்?" என்று கன்னடத்தில் தொடங்கி, இவர் முழிப்பதைப் பார்த்துத் தமிழுக்கு வந்து, "பஸ்ஸர் தகடா? காலிங் பெல்லுக்கா?" என்றார். காலிங் பெல்லுக்கு இல்லை, சங்கீதத்துக்கு என்று விளக்கியதில் பின்னால் நின்ற நாலு பேர் வரிசை கலைந்தது. தகட்டைப் பற்றவைத்து உள்ளே ஒட்டி ஆம்ப்ளிஃபையரில் செருகினால், கம்பிச் சத்தத்தைவிடச் சட்டைப் பொத்தான் உரசும் சத்தம் பிரமாதமாகக் கேட்டது. இப்போது பொத்தானில்லாத டீ-ஷர்ட்டில்தான் வாசிக்க உட்காருகிறார்.

பிப்ரவரி, மார்ச்சில் பெங்களூர்க் காற்று வறண்டுவிடும். மரம் சுருங்கும், ஃப்ரெட்டின் ஓரம் விரலில் கீறும், கிட்டாரின் வயிறு உள்வாங்கும். அதற்காகச் சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈர ஸ்பாஞ்ச் வைத்து, உறைக்குள் விட்டிருக்கிறார். பக்கத்தில் ஈரப்பதமானி. குழந்தைக்குக் காய்ச்சல் எத்தனை டிகிரி என்று கேட்டால் "நீயே பாரேன்" என்கிறவர், கிட்டாரின் ஈரப்பதத்தை நடுராத்திரியில் எழுந்து பார்க்கிறார். சமையலறை அலமாரிக் கதவைச் சரிசெய்ய வந்த கிருஷ்ணகிரி ஆசாரி, சவுண்ட் ஹோலின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ப்ளைவுட் சார் இது. மேலதான் மர டிசைன் ஒட்டியிருக்கான். இதுக்கு ஏன் சார் தண்ணி காட்டுறீங்க?"

ஆசாரி போன பிறகும் அந்த வாக்கியம் வீட்டிலேயே இருந்தது. சமாதானத்துக்குப் பாடகர் எட் ஷீரன் வந்தார். 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, ஷீரன் சர்ச் ஸ்ட்ரீட்டில் நின்று பாடியதும், போலீஸ்காரர் ஒருவர் வந்து மைக் வயரைப் பிடுங்கியதும் ஊருக்கே தெரியும். அனுமதி இருந்தது என்றது பாடகர் தரப்பு, கொடுக்கவில்லை என்றது போலீஸ். பெங்களூரே இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டது. நம்மாள் மட்டும் ஒவ்வொரு வீடியோவாக நிறுத்தி நிறுத்தி, "இந்தாளு மறைக்கிறாரே, கிட்டார் தெரியலையே" என்று போலீஸ்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். ஷீரன் ஆரம்ப காலத்தில் தூக்கிக்கொண்டு மேடையேறிய மார்ட்டின் எல்எக்ஸ்1இ குட்டிக் கிட்டாரின் முதுகும் விலாவும் மரமே இல்லை. அழுத்தி ஒட்டிய காகித லேமினேட். நம் பாஷையில் சன்மைக்கா. ஆசாரிக்கு இதைச் சொல்லியாக வேண்டும் என்று போன் போட்டார். எடுத்த ஆசாரி, "அலமாரிக்கா சார்? சதுர அடி கணக்குல வரும்" என்றார்.

குடகுக்குக் குடும்பத்தோடு போனால் எல்லாரும் காபித் தோட்டம் பார்ப்பார்கள். இவர் ஈட்டி மரம் தேடுவார். 1969-இல் பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளை வெளியே விடமாட்டேன் என்றதும், மார்ட்டின் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டிக்கு மாறியது. அதன் பிறகு எத்தனை அமெரிக்கப் பாட்டுக்கு முதுகு கொடுத்தது இந்த மரம் என்று தழுதழுப்பார். மகள், "நம்ம கிட்டார்லயும் இருக்காப்பா?" என்பாள். டிரைவரிடம் அடுத்த நிறுத்தம் எங்கே என்று விசாரிப்பார்.

மூவாயிரத்தில் தொடங்கிய கிட்டாருக்கு ஆன செலவை அவர் ஒரு எக்ஸெல் கோப்பில் வைத்திருக்கிறார், பாஸ்வேர்டு போட்டு. பதினெட்டுக்கு ஒன்று பல் விகிதத்தில் புதுக் கீகள், எலும்புப் பின்கள், மூன்று விதக் கம்பி, எலும்பு நட், முன்பலகையின் தடித்த வார்னிஷைச் சுரண்ட வாங்கிய கருவி, சுரண்டியதில் வந்த வழுக்கையை மறைக்க வாங்கிய ஸ்டிக்கர். லட்ச ரூபாய்க் கிட்டாரை யார் வேண்டுமானாலும் நன்றாக ஒலிக்கவைக்கலாம், இதைச் செய்து பார் என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் பாதி சம்மதம். உண்மையிலேயே அது நன்றாக ஒலிக்கிறது. ஒலிக்கும்போது அவர்தான் திருப்புளியோடு மேஜைக்கடியில் இருக்கிறார்.

போன மாதம், கொல்கத்தாவில் செய்த பழைய கிவ்சன் ஒன்று (அமெரிக்கக் கிப்சன் இல்லை, எழுத்தைக் கவனிக்க) கைக்கு வந்ததால், இடம் பண்ண 38 இஞ்சை விற்க முடிவெடுத்தார். செய்த மாற்றம் அத்தனையும் விளம்பரத்தில் ஒன்றரைப் பக்கம். விலை பன்னிரண்டாயிரம். இரண்டு வாரம் கழித்து ஹெச்.எஸ்.ஆர். லேஅவுட்டிலிருந்து கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். வாசித்துப் பார்க்கவில்லை. பையிலிருந்து சின்ன எல்.ஈ.டி. டார்ச்சை எடுத்துச் சவுண்ட் ஹோலுக்குள் அடித்தான், பிறகு ஸ்கேலை எடுத்துப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் வைத்தான். நம்மாள் கண் பளபளத்தது.

"செட்டப் நல்லாத்தான் இருக்கு அங்கிள். நாலாயிரம் தரேன். இந்த எலும்பு சேடில் எனக்கு வேணாம், நான் பித்தளை போட்டுப் பார்க்கப்போறேன். பழைய பிளாஸ்டிக் இருந்தா அதையும் குடுத்துருங்க."

ஐயாயிரத்துக்குப் படிந்தது. பித்தளை வாங்கப் போவதென்றால் சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டுக்குத் நம்மாள் வண்டியிலேயே இருவரும் சேர்ந்து போய்விடலாம் என்று ஏற்பாடு.