எந்த ஊர் இங்கிலீஷ்?

கே: 'பாகூர் கொம்யூனில் இருக்கிறேன்' என்றதும் லண்டன் நண்பர் ஏன் ஒரு மாதிரி சிரிக்கிறார்?
— வாசகர், செலியமேடு

ப: சொத்தையும் சமையலையும் பொதுவில் வைத்து ஹிப்பிகளோடு வாழ்கிறீர்கள் என்று நினைத்திருப்பார்! பிரெஞ்சில் கொம்யூன் என்பது வெறும் உள்ளாட்சிப் பிரிவு. 1954-ல் புதுச்சேரியை விட்டு பிரெஞ்சு ஆட்சி போனது, சொல் போகவில்லை. 1973-ம் வருடச் சட்டத்தில் 'கொம்யூன் பஞ்சாயத்து' என்றே நிலைத்துவிட்டது. வீட்டு வரி ரசீதைக் காட்டுங்கள், நம்பிவிடுவார்.

கே: மணமகள் தேவை விளம்பரத்தில் 'ஹோம்லி' என்று போடலாமா? மாப்பிள்ளை அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்.
— வாசகி, வில்லியனூர்

ப: நமக்குக் குடும்பப் பாங்கான பெண், அவருக்கு லட்சணமில்லாத பெண். விளம்பரத்தைத் தமிழிலேயே கொடுத்துவிடுங்கள்.

கே: ஒரு பில்லியன் என்பது எவ்வளவு?
— மாணவர், பாகூர்

ப: இங்கிலீஷில் 100 கோடி. பிரிட்டிஷ் அரசு இந்தக் கணக்குக்கு வந்ததே 1974-ல்தான். அதற்கு முன் அங்கே லட்சம் கோடி. பிரெஞ்சில் இன்றும் லட்சம் கோடிதான். 100 கோடிக்கு அவர்கள் சொல்வது 'மில்லியார்'. கடன் கொடுப்பதானால் இங்கிலீஷில் கொடுங்கள், பிரெஞ்சில் திருப்பி வாங்குங்கள்!

கே: டர்பன் உறவினர் 'ரோபோ பக்கத்தில் நில்லுங்கள், ஜஸ்ட் நௌ வருகிறேன்' என்கிறாரே?
— வாசகர், செலியமேடு

ப: தென்னாப்பிரிக்காவில் ரோபோ என்றால் சிக்னல் விளக்கு. 'ஜஸ்ட் நௌ' என்றால் கொஞ்ச நேரம் கழித்து. 1860-ல் சென்னையிலிருந்து நம்மவர்கள் ட்ரூரோ கப்பலில் போய் இறங்கிய ஊர் டர்பன். நம் ஆட்களுக்கும் அந்த ஊர் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டது. நிழலாகப் பார்த்து நில்லுங்கள்.

கே: சொல்லின் பொருள் மாறியதால் பெரிய இடத்தில் சண்டை வந்திருக்கிறதா?
— ஆசிரியை, வில்லியனூர்

ப: இரண்டாம் உலகப் போரின்போதே! ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்வதென்றால் பிரிட்டிஷாருக்கு உடனே விவாதிப்பது, அமெரிக்கர்களுக்கு ஒத்திப்போடுவது. இரு தரப்பும் விரும்பியது ஒன்றைத்தான்; ஆனாலும் நெடுநேரம் மல்லுக்கட்டினார்கள் என்று சர்ச்சில் எழுதியிருக்கிறார்.

கே: கடைசியில் எதுதான் சரியான இங்கிலீஷ்?
— மாணவி, செலியமேடு

ப: எதிரே இருப்பவருக்குப் புரிவது. நம்மூர் 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது, கூச்சப்படாமல் பேசுங்கள். ஆனால் விசா, ஒப்பந்தம், பணம் என்றால் மட்டும் அர்த்தம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.