முக்கால் டேங்க்
சிங்கப்பூர் காரில் பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்குப் போவதென்றால் டேங்கில் முக்கால்வாசி பெட்ரோல் இருந்தாக வேண்டும்; 1991 முதல் இதுதான் சட்டம். அக்கரையில் பெட்ரோல் மலிவு, அதனால் இந்தக் கெடுபிடி. மீதிக் கால்வாசியை அங்கே நிரப்பத் தடை இல்லையே! வண்டியின் ஒரு பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, குலுக்கிக் குலுக்கி இன்னும் கொஞ்சம் நிரப்பியவர்கள் உண்டு. (அந்தக் காரின் விலையை மட்டும் கேட்காதீர்கள்.)

ஊரில் 90ஐத் தாண்டப் பயப்படும் கால், மலேசிய நெடுஞ்சாலையில் 110 என்ற பலகையைக் குறைந்தபட்ச வேகம் என்று படிக்கிறது. அங்குள்ள போலீசும் லேசுப்பட்டதல்ல. அபராதத்துக்கே அவ்வப்போது தள்ளுபடி அறிவித்ததுண்டு. ஆடித் தள்ளுபடிக்குப் புடவை வாங்குபவர்கள்போல், அதற்கும் காத்திருந்தார்கள் சிலர்.