பொண்ணு பார்க்க ஒரு தபா போதாதா?

வாடா பேராண்டி, குந்து. போன்ல இன்னாத்த அப்படி உத்துப் பார்த்துகினு கீற? ஓ, ஃபர்ஸ்ட் லுக்கா! அது எப்ப வரும்னு நேத்து ஒரு அறிவிப்பு வந்துச்சே, அதுவா? அடுத்து செகண்ட் லுக்கு. அப்புறம் மோஷன் போஸ்டரு. பொண்ணு பார்க்கவே ஒரு தபாதான்டா போவாங்க!

இதுல இன்னா கீது? ஒரே இருட்டு. ஹீரோ முதுகக் காட்டிகினு நிக்கிறாரு. மூலையில ஒரு காக்கா. அந்தக் காக்காவுக்கு இன்னா அர்த்தம்னு யூடியூப்ல ஒருத்தன் மூச்சு வாங்கப் பேசறான். போஸ்டருக்கும் கோனார் நோட்ஸ் வேணுமாடா?

அப்பல்லாம் போளூர் ரோட்டுல பஸ்ஸு திரும்பறதுக்குள்ள, ஜன்னலோரம் குந்தினவனுக்கு சினிமா பேனரப் பார்த்தே கதை தெரிஞ்சுடும். பேனர் வரையறவங்க சின்ன போட்டோ மேல கட்டம் கட்டமா கோடு கிழிச்சு, அத மாடி ஒசரத்துக்குப் பெருசாக்குவாங்க. ஹீரோ மூஞ்சி ரோஸு. வில்லன் மூஞ்சி பச்சை. மனுசன் மூஞ்சி பச்சையா இருக்குமா? இருக்காது. ஆனா எழுத்து தெரியாத கெழவிகூட "இவன் ஆவாதவன்"னு சொல்லிடுவா.

1964ல 'நவராத்திரி' வந்துச்சு. சிவாஜிக்கு 9 வேஷம். போஸ்டர்ல 9 மூஞ்சியும் இருந்துச்சு. ஒரு டிக்கெட்டுக்கு 9 சிவாஜியான்னு ஜனம் கணக்குப் போட்டுச்சு, கெளம்பிடுச்சு. எம்ஜிஆரு சிரிச்சா? கடைசியில அவரு சாவமாட்டாருன்னு அர்த்தம். 1962ல 'பாசம்' படத்துல சாவடிச்சாங்க, ஜனத்துக்கு ஆவல. வெள்ளைக்காரனும் லேசுப்பட்டவன் இல்ல. 1975ல 'ஜாஸ்'னு ஒண்ணு. மேல ஒரு பொண்ணு நீந்துது, கீழேர்ந்து சுறா வாயப் பொளந்துகினு வருது. இதுக்கு மேல இன்னாடா கத சொல்லணும்?

சிவகாசியில அச்சாகி வரும் போஸ்டரு. துண்டு துண்டா சேர்த்து, மைதாப் பசை தடவி ஒட்டுவான். பசை காயறதுக்குள்ள மாடு வந்து ஹீரோயின்ல பாதியத் துன்னுட்டுப் போயிடும். மீதிப் பாதியப் பார்த்தாலும் அது அழுவாச்சிப் படமா, அடிதடிப் படமான்னு புரியும்.

போஸ்டரே இல்லாமலும் ஓடிகீது, அதயும் சொல்லிடறேன். 1973ல 'உலகம் சுற்றும் வாலிபன்' வர்ற நேரம், மெட்ராஸ்ல போஸ்டருக்கு வரிய ஏத்திட்டாங்க. அங்க போஸ்டரு ஒட்டல, ஸ்டிக்கரு ஒட்டினாங்க. கூட்டம் நின்னுச்சா? பிச்சிகினு வந்துச்சு. உடனே நீயும் துள்ளாத. அவரு எம்ஜிஆரு. உன்ன நம்ம தெரு நாய்க்கே தெரியாது.

சரி, உன் குறும்படத்துக்கு ஒண்ணு அடிச்சு நம்ம திண்ணைச் சுவத்துல ஒட்டிகீறியே, அந்த சங்கதிக்கு வரேன். கறுப்பு மேல கறுப்பு. ஓரமா ஒரு ஒடஞ்ச குடை. கேட்டா, தனிமையோட குறியீடுன்ற. பேரப் படிக்கலாம்னா எறும்பு சைஸ்ல எழுத்து. நேத்து பௌர்ணமிக்கு கிரிவலம் வந்த அம்மா ஒண்ணு, அதயே நின்னு பார்த்துச்சு. அப்புறம் பையில இருந்து கம்பி போன குடை ஒண்ணு எடுத்து, "ரிப்பேர் பண்றவரு எப்ப வருவாரு?"ன்னு கேட்டுச்சு.

சாயங்காலம் வாங்கன்னு சொல்லிகீறேன். ஊசி நூல் வாங்கினு வந்து வையி.