‘சாப்டீங்களா’ சார்

“சாப்டீங்களா தம்பி?” என்று ஹெச்.ஆர். சார் கேட்டால் வேலை போய்விட்டது என்று அர்த்தம்.

மதுரையில் இந்தக் கேள்வியைக் காலையிலிருந்து ராத்திரிக்குள் நாற்பது பேர் கேட்பார்கள். வட்டிக்குக் கொடுத்தவர்கூட இதைக் கேட்டுவிட்டுத்தான் வட்டியைக் கேட்பார். யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை. எங்கள் சார் எதிர்பார்ப்பார். “ஆச்சு சார்” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. “அப்ப ஒரு ரெண்டு நிமிசம் அந்த ரூமுக்கு வாங்களேன், சும்மாதான்” என்பார். கண்ணாடி ரூமில் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, ஒரு தண்ணீர் பாட்டில். பேனா, பாட்டில் இரண்டுக்கும் மூடியைக் கழற்றியே வைத்திருப்பார். நமக்குக் கை நடுங்கும் என்று தெரிந்து செய்கிற உபகாரம்.

யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்பது அவர் கொள்கை. பசித்தவனிடம் கெட்ட சேதி சொன்னால் பாவம் என்று அவருடைய அப்பத்தா சொல்லியிருக்கிறாராம். அப்பத்தா இன்னும் நாலு விஷயம் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

எங்களுக்கு மாட்டுத்தாவணிப் பக்கம் மூன்றாவது மாடியில் ராத்திரி வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரி பில்களுக்குக் கோடு போடுவது. டெக்சாஸில் ஒருத்தர் வழுக்கி விழுந்தால், ஒடிந்தது எந்த எலும்பு, இடதா வலதா, வைத்தியத்துக்கு முதல் தடவை வந்திருக்கிறாரா மறுதடவையா என்று பார்த்து எண் போட வேண்டும். அந்தப் பட்டியலில் மனுசனுக்கு வருகிற எல்லாவற்றுக்கும் எண் உண்டு. வேலையில்லாமல் இருப்பதற்கு இசட் 56.0. வேலை போய்விடுமோ என்று இருப்பதற்குத் தனியாக இசட் 56.2. சார் சீட்டுகளுக்கு நடுவில் நடந்து வரும்போது அங்கிட்டு முனையிலிருந்து இங்கிட்டு முனைவரை “அம்பத்தாறு புள்ளி ரெண்டு” என்று முணுமுணுப்பு ஓடும். அவர் யார் தோளில் கை வைத்துச் சாப்பாட்டை விசாரிக்கிறாரோ, அவர் புள்ளி சைபர்.

“இன்னும் இல்ல சார்” என்று சொல்லிவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்பதைக் கண்டுபிடித்தது செக்கானூரணிக்காரத் தம்பி ஒருவன். “அடடா, மொதல்ல சாப்ட்டு வாங்க” என்று சார் பின்வாங்கிவிட்டார். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்று ஷிஃப்ட் தாக்குப் பிடித்தான். மாடிப்படியில் ஒளிந்து முறுக்குத் தின்று உயிரை வைத்திருந்தான். நாலாவது ராத்திரி ஆசை தாங்காமல் கீழே போய் பரோட்டா தின்றுவிட்டு வந்தான். கையை எத்தனை தடவை கழுவினாலும் சால்னா வாசம் போகுமா? லிஃப்டிலேயே பிடித்துவிட்டார்.

அவருக்கும் ஞாயம் இருக்கிறது. “முன்னாடியே சொன்னா யாரும் வேலை பாக்க மாட்டாங்க தம்பி. கோவத்துல எவனாச்சும் சிஸ்டத்துல கைவச்சுட்டா?” என்பார். நாங்களாகப் போவதென்றால் மட்டும் 90 நாள் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். போகப்போகிறவன் அந்த 90 நாளும் சிஸ்டத்தில் கை வைக்காமல் வேலை பார்ப்பான் என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறதோ.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1947-இல் வந்த தொழில் தகராறுகள் சட்டத்தில் 25எஃப் என்று ஒரு பிரிவு. ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்வதென்றால் ஒரு மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்த மாதச் சம்பளத்தைக் கையில் வைக்க வேண்டும். அதுபோக, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். 2025 நவம்பர் 21-இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகத் தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடப்புக்கு வந்தது. இந்த ஒரு மாதமும் 15 நாளும் அதிலும் இருக்கின்றன. இதற்குத்தான் கண்ணாடி ரூமில் அந்த வெள்ளைத்தாள். “நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்கன்னா ரிலீவிங் லெட்டர் சுத்தமா இருக்கும்” என்பார். ராஜினாமா என்று ஆகிவிட்டால் அது ஆட்குறைப்பே இல்லை. இன்னொரு வழியும் வைத்திருந்தார். கண்காணிக்கிற வேலையில் இருந்துகொண்டு பழைய சட்டப்படி 10,000 ரூபாய்க்கு மேல், இப்போது 18,000-க்கு மேல் வாங்கினால் தொழிலாளி என்ற கணக்கிலேயே வராது. அதனால் திடீரென்று ஒருநாள் எங்களில் ஆறு பேர் டீம் லீட் ஆனோம். கேக் வெட்டினோம். எனக்குக் கீழே டீம் என்று யாரும் கிடையாது, ஒரு ஃபேன் மட்டும் மேலே. கோர்ட் பட்டத்தைப் பார்க்காது, பார்க்கிற வேலையைத்தான் பார்க்கும் என்று பிற்பாடு ஒரு வக்கீல் சொன்னார். அவர் ஃபீஸையும் சொன்னார்.

நாங்கள் பில் போட்ட அமெரிக்காவில், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கம்பெனி மொத்தமாக ஆளை அனுப்புவதென்றால் 60 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று 1988-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். அதே அமெரிக்காவில்தான் 2021 டிசம்பரில் பெட்டர் டாட் காம் முதலாளி விஷால் கர்க், ஜூமில் ஒரே அழைப்பில் சுமார் 900 பேரை அனுப்பினார். அவர் யாரிடமும் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. அந்த வகையில் எங்கள் சார் ஒரு படி மேல். இங்கே தமிழ்நாட்டில் ஆட்சி மாறியதும் மக்கள் நலப் பணியாளர்களை 1991, 2001, 2011 என்று மூன்று முறை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்காவது ஓட்டு எண்ணுகிற அன்றைக்கே விவரம் தெரிந்துவிடும்.

எங்கள் வரிசையில் ஒரு அக்கா, வீட்டுக் கடனுக்குச் சம்பளச் சான்றிதழ் கேட்டார். கடன் வாங்கலாமா வேண்டாமா என்ற யோசனையையும் சாரிடமே கேட்டார். “தாராளமா வாங்கும்மா, சொந்த வீடு முக்கியம்” என்று கையெழுத்துப் போட்டு, சீலும் அடித்துக் கொடுத்தார். பதினெட்டாம் நாள், “சாப்டீங்களாம்மா?” மேஜைமேல் கிடந்த, அனுப்ப வேண்டியவர்கள் பட்டியலை அந்த அக்கா தலைகீழாகவே வாசித்துவிட்டார். பட்டியலின் தேதி சான்றிதழின் தேதிக்கு மூன்று நாள் முந்தியது. ‘இப்ப வேணாம்மா’ என்று சொல்ல வாயைக்கூடத் திறக்க வேண்டாம். தலையை இப்படி அப்படி ஆட்டியிருந்தால் போதும். அன்றைக்கும் இரண்டு வடை வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். அந்த வடையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மாட்டுத்தாவணி என்ற பெயரே மாட்டுச்சந்தையால் வந்ததுதான். மாட்டை விற்றால் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள்; பழைய கயிறு வீட்டுக்கே திரும்பிவிடும். சாரும் கடைசியில் நம் கழுத்திலிருந்து ஐ.டி. கார்டுக் கயிற்றைத் தானே பதமாகக் கழற்றி, சுருட்டி, டிராயரில் வைத்துக்கொள்வார். அப்புறம் தன் ஸ்கூட்டரிலேயே பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவார். பருத்திப்பால் வாங்கிக் கொடுப்பார். வண்டி நகரும்வரை நிற்பார், கண்கூடக் கலங்கும். நடிப்பில்லை, நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் திருநெல்வேலி வண்டி அஞ்சு நிமிசமாக உறுமி, ஹாரன் அடித்து, கண்டக்டர் தொண்டை கிழியக் கத்திவிட்டுத்தான் கிளம்பும். அதைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பார்.

என் முறை வந்தது. முதல் ராத்திரி “இன்னும் இல்ல சார்”. இரண்டாம் ராத்திரியும் அதேதான். மூன்றாம் ராத்திரி எவர்சில்வர் டிபன் பாக்ஸோடு வந்தார். “ரெண்டு நாளா நீங்க சரியாவே சாப்புடல. வீட்ல சொல்லிச் செய்யச் சொன்னேன்.” நாலு இட்லி, தக்காளிச் சட்னி, ஓரத்தில் நல்லெண்ணெய் ஊற்றிய பொடி. இட்லி பூ மாதிரி இருந்தது. முதல் இரண்டையும் பசியில் விழுங்கிவிட்டேன். மூன்றாவதைப் பாதி பாதியாக. நாலாவதைப் பிய்த்துப் பிய்த்து, பொடியில் ஒவ்வொரு பக்கமாகத் தொட்டு, முக்கால் மணி நேரம் தின்றேன். சார் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. சட்னி போதுமா என்று மட்டும் கேட்டார். கடைசி வாயில்தான் எனக்கு உறைத்தது. இட்லிக்கு மாவு அன்றைக்கு ஆட்டினால் ஆகாது. முந்தின நாளே ஆட்டிப் புளிக்க வைத்திருக்க வேண்டும். அவர் வீட்டு கிரைண்டருக்கு எனக்கு ஒருநாள் முன்னாலேயே தேதி தெரிந்திருக்கிறது.

போன மாதம் மாட்டுத்தாவணியில் திருச்சி வண்டிக்கு நின்றபோது முதுகுப் பக்கம் ஒரு கை விழுந்தது. அவர்தான். கொஞ்சம் நரைத்திருந்தார். நான் இப்போது யாரிடமும் சம்பளம் வாங்குவதில்லை. சொந்தமாக ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. அப்போதுதான் ஒரு கறிதோசை தின்று ஏப்பம் விட்டிருந்தேன்.

“சாப்டீங்களா தம்பி?” என்றார்.

“இன்னும் இல்ல சார்.”