ஒரே வழி, இரு வேகம்: ஹீத்ரோ–ஸ்கிபோல் வான்வழி குறித்த ஓர் ஆய்வுரை

லண்டன் ஹீத்ரோவிலிருந்து ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோலுக்கு வான்வழியே சுமார் 370 கிலோமீட்டர். பூமி உருண்டை என்று ஒப்புக்கொள்ளும் எவருக்கும் இதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போகும் என்று கொண்டு வகுத்தால் 26 நிமிடம் வருகிறது. கால அட்டவணையோ ஏறக்குறைய 80 நிமிடம் என்கிறது. மிச்சம் 54 நிமிடத்தை விழுங்கியது யார் என்பதே நம் முதல் சிக்கல்.

விடை பெரும்பாலும் தரையில் கிடக்கிறது. நின்ற இடத்தைவிட்டு விமானம் அசைந்த கணம் முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி நிற்கும்வரை எல்லாம் பயண நேரமே என்பது விமானத்துறைக் கணக்கு. ஆகவே ஹீத்ரோ ஓடுபாதைக்கு வரிசையில் காத்திருப்பதும் பயணத்தில் சேர்த்தி. ஸ்கிபோலில் போல்டர்பான் என்ற ஓடுபாதையில் இறக்கிவிட்டாலோ, போச்சு. 2003இல் திறந்த அது முனையத்திலிருந்து வெகுதொலைவு. கால் மணி நேரம்கூட உருள வேண்டிவரும். வழியில் ஏ5 நெடுஞ்சாலைக்கு மேலே ஒரு பாலத்தைக் கடக்கிறது விமானம். ஜன்னலோரப் பயணி குனிந்து பார்த்தால், தன்னைவிட வேகமாகக் கார்கள் போவதைக் காணலாம். திரும்புகையில் ஹீத்ரோவில் இடமில்லையென்றால், லண்டனுக்கு வடகிழக்கே லாம்போர்ன் வானத்தில் செக்குமாடுபோல் சுற்ற விடுவார்கள். இவற்றையெல்லாம் முன்கூட்டியே அட்டவணையில் ஏற்றிவைப்பதால்தான், பத்து நிமிடம் முன்னதாக வந்துவிட்டோம் என்று விமானியால் பெருமையடிக்க முடிகிறது.

அடுத்தது கடிகாரம். நெதர்லாந்து பிரிட்டனைவிட ஒரு மணி நேரம் முந்தியது. லண்டனில் காலை 9 மணிக்குக் கிளம்பினால் ஆம்ஸ்டர்டாமில் 11.20. அங்கே பகல் 12 மணிக்குக் கிளம்பினால் லண்டனில் 12.20. போக 140 நிமிடம், வர 20 நிமிடம். ஆகப் போகும் வேகம் மணிக்கு 159 கிலோமீட்டர். நல்ல ரயில் இதை முந்திவிடும். வரும் வேகம் 1,110! பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் ஒலியே 1,062தான் போகிறது. 2003இல் கான்கார்டு ஓய்வு பெற்றதோடு ஒலியை மிஞ்சிய பயணிகள் விமானம் ஒழிந்தது என்று எழுதிவரும் அறிஞர்கள் தம் கூற்றைத் திருத்திக்கொள்வது நலம். அந்த 20 நிமிடத்துக்குள் சாண்ட்விச் கொடுத்து, டீ ஊற்றி, குப்பையையும் வாங்கிக்கொண்டுவிடும் பணியாளர்கள் தனி ஆய்வுக்கு உரியவர்கள்.

இந்தச் சாதனையில் பொறியாளர்களுக்குப் பங்கில்லை. 1920 மே 17 அன்று கே.எல்.எம். நிறுவனத்தின் முதல் விமானம், இரண்டு பத்திரிகையாளர்களையும் ஒரு கட்டுச் செய்தித்தாளையும் ஏற்றிக்கொண்டு லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் போனபோது, ஆம்ஸ்டர்டாம் கடிகாரம் 19 நிமிடம் 32 விநாடி மட்டுமே முந்தியிருந்தது. (அந்த 32 விநாடியை யார் வீட்டுக் கடிகாரம் காட்டியிருக்கும்?) 1937இல் அதை முழு 20 நிமிடமாக்கினார்கள். 1940 மே மாதம் நாட்டைப் பிடித்த ஜெர்மானியப் படை பெர்லின் நேரத்தைத் திணித்தது. 1945இல் படை போயிற்று, நேரம் தங்கிவிட்டது. ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல் லண்டன் பயணத்தில் 40 நிமிடம் குறைந்த வரலாறு இதுவே.

எனவே நேரத்தின் அருமை அறிந்தோர் ஆம்ஸ்டர்டாமிலிருந்து லண்டனுக்கு மட்டுமே பறக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறோம். அடுத்த முறை பறப்பதற்காக ஆம்ஸ்டர்டாமுக்கு எப்படிப் போய்ச் சேர்வது என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது.